ஹாலில் ஒரு டிரைவர் சீட்

அஜ்மானிலிருந்து துபாய்க்குத் தினமும் கார் ஓட்டுகிறவன் பயப்படுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து லைட் அடிக்கும் பெரிய வண்டிக்குப் பயம், ஸ்பீடைப் படம் பிடித்து அபராதம் போடும் ரேடாருக்குப் பயம், ஆபீசில் ‘ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க’ என்று கூப்பிடும் மேனேஜருக்குப் பயம். இவ்வளவுக்கும் நடுவில் நான் பயப்படாமல் இருந்த ஒரே இடம் என் வீட்டு ஹால். அதற்குத் துணிச்சல் காரணமில்லை. அங்கிருந்த சாமான்களில் பாதி என் கையால் செய்தவை என்ற நினைப்புதான்.

எல்லாம் பழைய கார் சாமான்கள். ஷார்ஜாவில் ஓடி முடித்த வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. லீவு நாளில் மற்றவர்கள் மாலுக்குப் போவதுபோல நான் அங்கே போவேன். பிரேக் டிஸ்க்கில் மேஜை விளக்கு செய்தேன். பிஸ்டன் பேனா ஸ்டாண்ட் ஆனது. டயரைப் படுக்கப்போட்டு மேலே கண்ணாடி வைத்து டீப்பாய். ஒரு ஹெட்லைட்டைப் படுக்கையறை விளக்காக மாற்றி முதல்முறை போட்டபோது என் மனைவி கட்டிலிலிருந்து குதித்து ஓரமாக ஒதுங்கினாள். எதிரே லாரி வருகிறது என்று நினைத்துவிட்டாளாம்.

“இது வீடா, ஒர்க்‌ஷாப்பா? வர்றவங்க செருப்பக் கழட்டுறதா, வண்டிய நிறுத்துறதான்னு தெரியாம வாசல்லயே முழிக்கிறாங்க” என்பாள்.

நான் கொஞ்சம் படிக்கிறவன். படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒன்றைக் கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. தெரிந்ததில் கொஞ்சம், ஊகத்தில் கொஞ்சம் கலந்து ஒரு பதிலைக் கொடுத்துவிடுவோம். இந்த வியாதியால் என் மாமனார் சாகப் பார்த்தார்.

மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். விசிட் விசாவில் வந்திருந்தார். வருவதற்குச் சில மாதம் முன்புதான் மதுரையில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதிர்ச்சி கூடவே கூடாது, உட்கார்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு உட்காரத்தான் தெரியவில்லை. பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவரைப் பொறுத்தவரை கைநீட்டிப் பிச்சை வாங்குவதற்கு ஒரு படி கீழே. எனவே காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு எதையாவது ரிப்பேர் செய்து அதைச் செரித்துவிடுவார். பாத்ரூம் ஃப்ளஷ், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், பாட்டுப் பாடிக்கொண்டிருந்த காலிங்பெல். ரிப்பேர் ஆகாதவற்றையும் விடவில்லை.

“அப்பா ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறாரு. உங்க குப்பையில ஒண்ணாச்சும் உருப்படியா செஞ்சு அவர உக்கார வைங்க” என்றாள் மனைவி.

அப்படித்தான் அந்தச் சீட் வந்தது. என் வழக்கமான கடைக்காரர் கீழக்கரைப் பக்கத்துக்காரர், பாய் என்று கூப்பிடுவேன். விலை கூடிய ஒரு ஜப்பான் வண்டியின் டிரைவர் சீட்டை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். தோல் உறை, நிற்கிற மாதிரியும் படுக்கிற மாதிரியும் மோட்டாரால் மடங்கும் முதுகு. எங்கள் கட்டடத்தின் நாத்தூர், அதாவது வாட்ச்மேன், லிஃப்டில் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்து, அவர் தொழுகைக்குப் போயிருந்த சமயம் பார்த்து மேலே ஏற்றினேன். பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினேன். அடியில் தொங்கிய வயர்களில் தடித்த சிவப்பையும் கறுப்பையும் கண்டுபிடித்து, வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு அடாப்டரில் சேர்த்தேன். பட்டனை அமுக்கினால் முதுகு ‘ங்ங்’ என்று சாய்ந்தது. வேறு சில வயர்களும் கிடந்தன. ஒரு மஞ்சள் ஜோடி, நுனியில் மஞ்சள் சாக்கெட். பார்க்க நன்றாக இல்லை என்று சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, வயரைச் சுருட்டி உள்ளே தள்ளினேன்.

மாமா உட்கார்ந்தார். சாய்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி சாய்ந்தார்.

“மாப்ள, கலெக்டர் ஜீப்புல போற மாதிரியில்ல இருக்கு!”

சீட்டின் இடது விளிம்பில் தோளுக்குப் பக்கத்தில் விரலகலத் துணிப்பட்டை ஒன்று தைத்திருந்தது. அதைத் தடவிப் பார்த்து, “இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கே, என்ன மாப்ள?” என்றார்.

நான் அடுத்த அறையில் இருந்தேன். எழுந்து வந்து பார்க்கவில்லை. “கம்பெனி பேரா இருக்கும் மாமா” என்றேன்.

மனைவி என்னை அன்று ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தாள். அந்த வாரம் முழுக்க மாமா சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாடு, செய்தி, தூக்கம் எல்லாம் அதில்தான். ஆனால் லைன்மேன் எத்தனை நாள் மேலே மட்டும் உட்கார்ந்திருப்பார்? ஒருநாள் காலையில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது குனிந்து அடியில் கைவிட்டுச் சுருட்டி வைத்த வயரை வெளியே இழுத்தார்.

“இந்த மஞ்ச வயரு ஏன் மாப்ள சும்மா கெடக்கு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

“விலை கூடின வண்டிச் சீட்டாச்சே மாமா. மசாஜ் இருக்கும். முதுகுல உருளுற மாதிரி.”

“மசாஜா!” அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். “சும்மா கெடக்கலாமா? இன்னிக்கு ஒரு கை பாத்துர்றேன்.”

“பாருங்க மாமா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மனைவி எனக்கு முன்பே கிளினிக் டூட்டிக்குப் போய்விட்டிருந்தாள். டூட்டியில் அவள் போன் லாக்கரில் இருக்கும்.

அன்று ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. முன்னால் எங்கோ ஆக்சிடென்ட். தோள்பட்டையை அறுத்த சீட்பெல்ட்டைத் தளர்த்தக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். விரலில் ஒரு துணிப்பட்டை தட்டுப்பட்டது. வருஷக்கணக்காகத் தட்டுப்படுகிறது. கடலைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தையும் படிக்கிற நான் இதை ஒருநாளும் படித்ததில்லை. அன்று வேறு வேலை இல்லாததால் கழுத்தைத் திருப்பிப் படித்தேன்.

ஏர்பேக்.

மெல்ல மெல்ல, அதே இடம், அதே அகலம், அதே தையல் என்று ஹாலில் இருந்த சீட் கண்முன் வந்தது. ஏர்பேக் ஸ்டியரிங்கில் இருக்கும் என்று தெரியும். சீட்டின் விலாவுக்குள்ளும் இருக்கும் என்பது தெரியாது. பாய்க்குப் போன் போட்டேன்.

“பாய், அந்த ஜப்பான் சீட்டு... அதுல ஏர்பேக் இருக்கா?”

“இருக்குமே சார். சைடுல.”

“அப்படியேவா? வெடிக்காததா?”

“வெடிச்ச சீட்ட ஒங்களுக்கு நான் தருவேனா? கிழிஞ்சுல்ல போயிருக்கும்!”

“ஏன் பாய் சொல்லல?”

“நீங்க சோபா செய்யப் போறேன்னீங்க. சோபா எங்க சார் போயி மோதப் போவுது?”

“மஞ்சள் வயர் ஒண்ணு...”

“அதான் சார் அது. அதுல கரண்டு மட்டும் காட்டிராதீங்க. காட்டலேன்னா அது பாட்டுக்குக் கெடக்கும். மஞ்ச சாக்கெட்ட எதுக்கும் கழட்டாதீங்க, அது ஒரு சேஃப்ட்டி.”

“வெட்டிட்டேன்.”

“யா அல்லா. ஏன் சார்?”

“பார்க்க நல்லா இல்ல.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது.

“கரண்ட் காட்டினா என்ன ஆகும் பாய்?”

“டமார்தான். பட்டாசு மாதிரி மருந்து இருக்கு சார் உள்ள. காதுக்குப் பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. ஏன், யாரு இருக்கா?”

“என் மாமனார். ஸ்டென்ட் வச்சவரு.”

“போன வச்சிட்டு வண்டிய ஓட்டுங்க சார். யல்லா, சீக்கிரம்.”

வண்டியை எங்கே ஓட்டுவது? எனக்கு முன்னால் கடல்போல வண்டிகள். எதிர்த்திசையில், அஜ்மானை நோக்கிப் போகும் பக்கத்தில், ரோடு காலியாக வழுக்கிக்கொண்டு கிடந்தது. நடுவில் இடுப்பளவு தடுப்பு. மாமாவுக்குப் போன் செய்தேன். அவரிடம் இங்கத்து சிம் கிடையாது, வீட்டு வைஃபையில்தான் பேசுவார். மணியே அடிக்கவில்லை. அவர் பேர் மட்டும் திரையில் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. காலையில்கூட ஊரில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாரே, இப்போது ஏன் வைஃபை இல்லை? வெடித்ததில் வீட்டுக் கரண்டே போய்விட்டதா?

நாத்தூரைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. அவர் நம்பர் என்னிடம் இல்லை. கார் சாமான் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று வருஷக்கணக்காக அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தவனிடம் நம்பர் எப்படி இருக்கும்? மனைவியின் கிளினிக்குக்குப் போன் செய்து, ‘உங்க அப்பாவை ஒரு குண்டுமேல உக்கார வச்சிருக்கேன்’ என்று எப்படிச் சொல்வது? எடுத்த போனைத் திரும்ப வைத்தேன்.

ஒருவழியாக ஓர் எக்ஸிட் வந்தது. திரும்பினேன். காலி ரோடு. அந்த நிலையிலும் ரேடார் கம்பங்களுக்கு முன்னால் ஸ்பீடைக் குறைத்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கால் தானாகக் குறைத்தது. மனம் மட்டும் வீட்டுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் மாமா வேறுவேறு விதமாகக் கிடந்தார். விசிட் விசாவில் வந்து இறந்துபோனவரை ஊருக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டு, அப்படி யோசித்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். முதுகைச் சீட்டில் சாய்க்க முடியவில்லை. ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். பிறகு ஸ்டியரிங்கிலும் ஒன்று இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் தளத்து வராந்தா அமைதியாக இருந்தது. வெடித்திருந்தால் யாராவது வெளியே வந்து நின்றிருப்பார்களே என்று ஆறுதல். எல்லோரும் டூட்டிக்குப் போயிருப்பார்களே என்று மறுபடியும் பயம். பெல்லை அமுக்கினேன். அடிக்கவில்லை. சாவியைத் தலைகீழாகச் செருகி, பிடுங்கித் திருப்பிப் போட்டேன்.

திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. ஏசி ஓடவில்லை, விளக்கு இல்லை, ஃப்ரிட்ஜின் முனகல்கூட இல்லை. ஜன்னல் திறந்து கிடந்தது. சீட்டில் மாமா. தலை இடதுபக்கம் சரிந்து, கன்னம் சரியாக அந்தத் துணிப்பட்டையின்மேல் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பனியன் முழுக்க நனைந்திருந்தது. ஈரம் என்ன நிறம் என்று வெயிலிலிருந்து வந்த என் கண்ணுக்குத் தெரியவில்லை.

‘மாமா’ என்று கூப்பிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டீங்களா! நல்லதாப் போச்சு. காலையில இருந்து ஒரு ஆளுக்குத்தான் காத்துக் கெடக்கேன். கண்ணு அசந்துருச்சு.”

கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டேன். அங்கேதான் மெயின் பெட்டி.

“கரண்டு இல்லையா மாமா?”

“நான்தான் மெயின ஆஃப் பண்ணேன். வயர்ல கை வைக்கணும்ல. இந்தா பாருங்க, ஜாயிண்டு போட்டாச்சு.” மடியிலிருந்த வயரைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் ஜோடி அடாப்டரின் சிவப்பு, கறுப்போடு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தது. சுத்தமான வேலை. “ஒத்தையில சப்ளை குடுக்கப்படாது மாப்ள. எங்க வாரியத்துல கம்பத்துல ஒருத்தன், சுவிட்சுல ஒருத்தன். நான் இங்க உக்காந்து மசாஜ் ஓடுதான்னு பாக்குறேன். நீங்க அந்த மெயினப் போடுங்க.”

அவருடைய மருமகனான நாளிலிருந்து அவர் சொல்லி நான் செய்யாதது ஒன்றுமில்லை. பந்தியில் ‘இன்னும் ரெண்டு வைங்க’ என்பார், வைத்துக்கொள்வேன். ‘இந்த பஸ்ல போங்க’ என்பார், தப்பான பஸ் என்று தெரிந்தும் ஏறுவேன். என் கை எழுந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தது. விரல் மெயின் சுவிட்சின் அடியில் போய் நின்றது. மேலே தள்ளினால் போதும்.

அந்த ஒரு கணத்தைவிட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை. ஆபீசுக்கே போயிருந்தால் மாமா சாயங்காலம்வரை வியர்த்துக்கொண்டு ஆள் வருவதற்காகக் காத்திருந்திருப்பார். ஒன்றும் ஆகியிருக்காது. அவர் காத்திருந்த ஆள் நான்தான். பதறி ஓடி வந்து, சரியான இடத்தில் சரியாக நின்றுகொண்டிருக்கிறேன்.

“எந்திரி!”

அது என் குரல். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. மாமா எழுந்த வேகத்தில் வயர் மடியிலிருந்து விழுந்தது. நான் பாய்ந்துபோய் அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். ஏன் ஃப்ரிட்ஜ் என்று இன்றுவரை தெரியாது.

மாமா நின்றபடியே இருந்தார். கை நெஞ்சில் இருந்தது. வெடியிலிருந்து காப்பாற்றிவிட்டு என் கத்தலால் கொன்றுவிட்டேனோ என்று அடுத்த பயம் வந்தது. அவர் மெல்ல மூச்சு விட்டு, சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு வேணும்னா சொல்லியிருக்கலாமே மாப்ள. நான் பாட்டுக்குத் தரையில உக்காந்துக்குவேன்.”

“மாமா, அதுக்கில்ல...”

“பரவாயில்ல. மக வீடுதான. நாந்தான் ரொம்ப நாள் இருந்துட்டேன்.”

விளக்கினேன். பட்டையைக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஏர்... பேக்கு. காத்துப் பை.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “காத்துக்காய்யா இந்தக் கத்துக் கத்துனீங்க?”

சாயங்காலம் மனைவி வந்தபோது அவர் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் இருந்தோம். அவருடைய பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. “என்னப்பா?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா, புழுக்கம்” என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காதது திட்டியதைவிட மோசமாக இருந்தது. நானே சொன்னேன். அவள் சீட்டைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே சமையலறைக்குப் போனாள்.

லீவு நாளில் சீட்டை பாயிடம் கொண்டுபோனோம். நான்தான் மாமாவையும் வரச் சொன்னேன். காரின் பின்பக்கம் அந்தச் சீட் கிடந்தது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரையும் வாந்தி வருகிறவனைத் தாங்கிப் பிடிப்பதுபோல மெதுவாக ஏற்றி இறக்கினேன். பாய் கடைக்குப் பின்னால் இருந்த வெற்று மணலில் சீட்டைப் போட்டு, நீளமான வயர் இழுத்து, எங்களை உடைந்த வேனுக்குப் பின்னால் நிறுத்தினார்.

“அப்பா, காதப் பொத்திக்குங்க” என்றார் மாமாவிடம்.

“அட நீங்க வேற. டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சே பாத்தவன்ய்யா நான்.”

பாய் வயரை பேட்டரியில் தொட்டார்.

சத்தத்தைப் பற்றி நான் என்ன எழுதினாலும் குறைவு. சீட் மணலைவிட்டு எழும்பி, திரும்பிக் குப்புற விழுந்தது. கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. வெள்ளைப் புகை, பட்டாசு வாசனை. போய்ப் பார்த்தோம். மாமாவின் கன்னம் இருந்த இடத்தில் தோல் கிழிந்து, வெள்ளைப் பை ஒன்று நாக்குபோல வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. துணிப்பட்டையைக் காணோம்.

மாமா பக்கத்தில் கிடந்த ஒரு எஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டார். இடது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாய் டீ வாங்கிவரச் சொன்னார். டீ ஆறிப்போகும்வரை மாமா அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

“இனிமே இதுல ஒண்ணுமில்ல, தச்சுக் குடுத்தா ஜம்முனு உக்காரலாம்” என்றார் பாய்.

“நீங்களே உக்காந்துக்குங்க தம்பி” என்றார் மாமா.

திரும்பும்போது அவர் ஷார்ஜா முடியும் இடத்தில் தொண்டையைக் கனைத்தார்.

“மாப்ள, அன்னிக்கு எந்திரின்னு ஒரு சத்தம் போட்டீங்கல்ல.”

“மன்னிச்சிருங்க மாமா.”

“மன்னிப்பு கெடக்கட்டும். இன்னொருக்க இந்த மாதிரி எதும் இருந்தா மரியாத பாத்துக்கிட்டு நிக்காதீங்க. இன்னும் பலமாவே போடுங்க.”

“சரிங்க மாமா.”

சிக்னலில் நின்றோம். அவர் தலையைத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என் பக்கம் பார்த்தார்.

“இந்த வண்டிச் சீட்டுலயும் இருக்கா?”

“இருக்கு மாமா.”

“என் பக்கம்?”

“உங்க பக்கமும் இருக்கு. இதுல இருந்தா நல்லதுதான் மாமா. இதெல்லாம் நம்மளக் காப்பாத்தத்தான் வச்சிருக்கான்.”

எல்லாம் தெரிந்தவன் குரலில்தான் இதைச் சொன்னேன்.

“அப்ப சாயலாமா?”

“தாராளமா சாயலாம் மாமா.”

அவர் என் முதுகைப் பார்த்தார். அது சீட்டில் படாமல் ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. தானும் முன்னால் நகர்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பச்சை சிக்னல் விழுந்தது. இரண்டு பேரும் முதுகைச் சாய்க்காமல் அஜ்மான் வந்து சேர்ந்தோம்.